கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போனால், நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை புத்தக வெளியீடு ஒன்றுக்காக அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவும் கூடவே வந்தார். புத்தகத்துக்காக அல்ல, வாழையிலைச் சாப்பாட்டுக்காக. தூறல் விட்டிருந்தது, சாலை இன்னும் காயவில்லை. ஷா ஆலம் தாண்டியதும் முன்னால் போன கொள்கலன் லாரியின் சக்கரங்கள் சேற்றுத் தண்ணீரை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தன.

இடது கைப்பக்கக் கம்பியை என் பக்கம் இழுத்தேன். தண்ணீர் வரவில்லை. வைப்பர் மட்டும் ஓடியது. காய்ந்த ரப்பர் சேற்றை இழுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசியது. மறுபடி இழுத்தேன், இன்னும் மோசம். ஒரு பத்து நொடி எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"பிரேக்கப் போடாத. பின்னால லாரி வருது. சைடு கோட்டப் பாத்து மெதுவா போ" என்றார் அப்பா. முப்பது வருடம் துறைமுக லாரி ஓட்டியவர். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்ததும் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றித் துடைத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதி அது. நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கோட்டைக் கோலால் தட்டிக்கொண்டு ஒருவர் என்னைக் கடந்து போனார். பத்து நொடிக்கே நடுங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுப் பக்கம் இருந்த ஒரு பட்டறையில் காட்டினோம். "மொத்த செட்டையும் மாத்தணும். 280 வெள்ளி." அப்பா சிரித்துவிட்டார். "தண்ணி அடிக்காததுக்கு இவ்வளவு காசா? நான் ஆயுசுக்கும் தண்ணி அடிச்சதில்ல, எனக்கு யாரும் குடுக்கலையே." பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் இஞ்சினியராச்சே. நீயே பாரு."

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். திரவ இயக்கவியலில் நல்ல மதிப்பெண். மையவிலக்குப் பம்பின் சமன்பாடுகளைத் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு பம்பையாவது கையில் எடுத்துப் பிரித்ததில்லை. வேலை பார்ப்பது கேஎல் சென்ட்ரல் அருகே ஓர் அலுவலகத்தில், கணினித் திரைக்கு முன்னால். ரயில்வேயின் பழைய பெட்டி மாற்றுத் தளத்தின் மீது எழுந்து 2001இல் திறக்கப்பட்ட நிலையம் அது. என் நாற்காலி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் தமிழர்கள் எண்ணெய்க் கையோடு வேலை செய்திருக்கிறார்கள். நான் கை கழுவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

*

காரில் கண்ணாடி கழுவும் அமைப்பு மிக எளிமையானது. ஒரு டேங்கி, அதன் அடியில் ரப்பர் வளையத்தில் செருகிய 12 வோல்ட் பம்பு, அதிலிருந்து கிளம்பி இஞ்சின் மூடி வரை ஓடும் மெல்லிய குழாய், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் சின்ன வால்வு, கடைசியில் ஊசித் துளையுள்ள இரண்டு நாசில்கள். அவ்வளவுதான்.

பழுது பார்க்க முதலில் வேண்டியது காது. சாவியைத் திருப்பி, இஞ்சினை ஓட்டாமல், கம்பியை இழுத்துக் கேட்க வேண்டும். 'ஙீ' என்ற சத்தம் வந்தால் பம்பு உயிரோடு இருக்கிறது, கோளாறு தண்ணீர் போகும் வழியில். சத்தம் இல்லையென்றால் கோளாறு மின்சாரத்திலோ பம்பிலோ. எங்கள் காரில் சத்தம் இல்லை. ஆனால் வைப்பர் ஓடுகிறது. பல கார்களில் வைப்பருக்கும் வாஷருக்கும் ஒரே ஃபியூஸ்தான், அதனால் ஃபியூஸ் மீது சந்தேகம் குறைந்தது. முன்சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, சக்கர வளைவின் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினேன். பம்பின் பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வைத்தேன். அப்பா உள்ளே உட்கார்ந்து கம்பியை இழுத்தார். 12 வோல்ட் வருகிறது. ஆக, குற்றவாளி பம்பு.

பம்பை உருவியதும் டேங்கித் தண்ணீர் மடமடவென்று என் மடியில் கொட்டியது. முதலில் ஒரு பேசின் வைக்க வேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. கொட்டியது தண்ணீரும் இல்லை. பச்சைப் பாசி, பாத்திரம் கழுவும் திரவத்தின் பிசுபிசுப்பு, குளத்தங்கரை நாற்றம். பம்பின் வாயில் இருந்த வலை முழுக்க அடைத்திருந்தது.

நம்மில் பலர் குழாய்த் தண்ணீரை அப்படியே டேங்கியில் ஊற்றுகிறோம். இங்கே பனி இல்லை, உறையாது, பிறகென்ன என்கிற நினைப்பு. 2010இல் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை ஓர் ஆய்வை வெளியிட்டது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி, வெறும் தண்ணீர் ஊற்றிய வாஷர் டேங்கிகளில் வளரலாம், தெளிக்கும்போது ஓட்டுநர் அதைச் சுவாசிக்கலாம் என்றது. கழுவுதிரவம் கலந்த டேங்கிகளில் அது தென்படவில்லை. குளிர்நாட்டிலேயே அப்படி என்றால், இஞ்சின் சூட்டில் நாள் முழுக்க வெந்நீராகக் கிடக்கும் நம் டேங்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பம்பைக் கழுவி, உள்ளே இறுகிக் கிடந்த சிறு சக்கரத்தைத் திருப்புளியால் மெல்லச் சுழற்றி, நேராக பேட்டரியில் கொடுத்தேன். ஒரு முனகல். மறுபடி கொடுத்தேன். ஙீ! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

*

பாகங்களைப் பழைய நாளிதழில் பரப்பிக் காய வைத்திருந்த அன்று இரவு, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

1903 நவம்பர் 10 அன்று, அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்ணுக்குக் கண்ணாடி துடைக்கும் கருவிக்கான காப்புரிமை கிடைத்தது. நியூயார்க்கில் டிராமில் போனபோது, பனியில் வழி தெரியாமல் ஓட்டுநர் திண்டாடியதைப் பார்த்து வந்த யோசனை. வண்டிக்குள்ளிருந்து இழுக்கும் ஒரு நெம்புகோல், வெளியே ரப்பர் பட்டை வைத்த ஒரு கை. அவர் அணுகிய நிறுவனம் வணிக மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. காப்புரிமைக் காலம் முடியும்வரை அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 1917இல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற இன்னொரு பெண் மின்சார வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அவரும் அதில் சம்பாதிக்கவில்லை.

துடைப்பது முதலில் வந்தது, தண்ணீர் பிறகுதான் வந்தது. ஆரம்பக் கால வாஷர்களில் சிலவற்றைக் கையால் அழுத்த வேண்டும், சிலவற்றைக் காலால் மிதிக்க வேண்டும். மின்பம்பு பரவலானது அதற்குப் பிறகு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வோக்ஸ்வேகன் பீட்டிலின் 1960களின் ஏற்பாடு. பம்பே கிடையாது. உபரி டயரில் அடைத்திருக்கும் காற்றைக் குழாய் வழியாக எடுத்து, அதன் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அப்பாவிடம் சொன்னேன். "டயர் காத்துல தண்ணியா? கெட்டிக்காரன்டா!" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

ராபர்ட் கெர்ன்ஸின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2008இல் திரைப்படமாகவும் வந்தது. 1953இல் திருமண இரவில் ஷாம்பெயின் புட்டியின் தக்கை பட்டு ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கண் இமை போல விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரை ஏன் செய்யக்கூடாது என்று யோசித்து, 1960களில் செய்தும் காட்டினார். பிறகு கார் நிறுவனங்கள் தன் வடிவமைப்பை எடுத்துக்கொண்டன என்று வழக்குத் தொடுத்தார். 1990இல் ஃபோர்டு அவருக்கு 10.2 மில்லியன் டாலர் கொடுத்தது. கிரைஸ்லருக்கு எதிராகத் தானே வாதாடி வென்றார். அதற்குள் திருமணம் முறிந்துவிட்டிருந்தது.

வரிசையாக இவற்றைப் படித்துக்கொண்டு போனபோது, மேரி ஆண்டர்சனின் அந்த ரப்பர் பட்டையில் வந்து நின்றேன். அந்த ரப்பர் யாருடையது?

1903இல் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் பெரும்பகுதி அமேசான், காங்கோ காடுகளிலிருந்து வந்தது. மலாயாவில் தோட்ட ரப்பர் அப்போதுதான் தலையெடுக்கிறது. கார் பெருகப் பெருக, இங்கே காடுகள் அழிந்து பால்மரங்கள் பெருகின. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்களை அழைத்து வருவது முறைப்படுத்தப்பட்டது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா, மிகப் பெரிய பயன்பாடு கார் டயர்.

கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைத்த ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. முதலில் ஈயத்துக்காக. 1901இல் இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. பிறகு ரப்பரும் அந்தப் பாதையில் போனது. அந்தத் தண்டவாளங்களைப் பராமரித்தவர்களின் குடியிருப்புகள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தன. இன்று நான் வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயில் ஓடுவதும் அதே தடம்தான்.

பால் வெட்டியவர் தோட்டத்தில் நடந்துதான் போனார். ஷீட்டாக அடித்துக் காய வைத்த ரப்பர் லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் ஏறிப் போய், டயராகத் திரும்பி வந்து துரையின் காரில் ஓடியது.

*

அடுத்த நாள் காலை பம்பைத் திரும்பப் பொருத்தினேன். இறுகிப்போன ரப்பர் வளையத்துக்குப் பதில் புதியது, உதிரிபாகக் கடையில் 4 வெள்ளி. கம்பியை இழுத்தால் ஙீ என்று நன்றாகவே சத்தம். கண்ணாடிக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"சத்தம் இருக்கு, சாமி வரலியே" என்றார் அப்பா. இஞ்சின் மூடியைத் தூக்கி, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். மூடியின் கீல் இருக்கும் இடத்தில் நின்றார். "இங்க பாரு." தினமும் மடங்கி மடங்கி அந்த இடத்தில் குழாய் வெடித்திருந்தது. மீட்டர் வைத்துத் தேடிய நான் அதைப் பார்க்கவில்லை.

இன்றைய வாஷர் குழாய் பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனால் வைப்பர் பட்டைகளில் இன்னமும் இயற்கை ரப்பர் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வெடித்த பகுதியைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை தூக்காமலேயே சொன்னார்.

"தாத்தா சொல்லுவாரு. தோட்டத்துல துரை காடி வந்தா, நம்மாளு சைக்கிள்ல போனா எறங்கி ஓரமா நிக்கணுமாம். காடி போன பிறகுதான் ஏறணுமாம். தூசி எல்லாம் மூஞ்சில."

இதை நான் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன், பாட்டன் காலத்துக் கதைகளில் ஒன்றாக. அது வெறும் கதை இல்லை என்று தெரிந்தது பல்கலைக்கழக நூலகத்தில்தான்.

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதன் தலைவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளின் பட்டியலைப் படித்தால் அந்த வாழ்க்கையே தெரியும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். சரியான மருத்துவம் வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று: துரைகள், கிராணிகள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக் கோரிக்கையின் பக்கத்தில் சைக்கிள் கோரிக்கை. நூலகத்தில் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். சைக்கிள் என்பது அவர்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் இயந்திரம். அதன் டயர் அவர்கள் வெட்டிய பால். அதிலிருந்துதான் இறங்கச் சொல்கிறார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் பெருகியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

ஏழே மாதத்தில், டிசம்பர் 8 அன்று, ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அவர்களின் படையில் ஒரு பெரும் பகுதி மலாயா முழுவதும் முன்னேறியது சைக்கிளில். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. கையெழுத்தானது புக்கிட் தீமாவில், ஃபோர்டு கார் தொழிற்சாலையில்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சைக்கிளுக்காக ஆள் செத்தது அவருக்குத் தெரியாது. தாத்தா அதைச் சொன்னதே இல்லை. 1941இல் தாத்தாவுக்கு ஏழு வயது. பார்த்தாரா, பார்த்தும் சொல்லவில்லையா, இனி கேட்க முடியாது. பள்ளியில் படித்ததாக எனக்கும் நினைவில்லை.

"எறங்க மாட்டேன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

மலேசியத் தமிழர் வரலாறு என்றால் நாம் பால்மரத்தையும் கண்ணீரையும் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் செந்தூல் ரயில் பட்டறையில் நீராவி இஞ்சினைப் பிரித்துக் கோத்தவர்கள், ரப்பர் ஆலையில் ரோலரின் சத்தம் கேட்டே கோளாறு சொன்னவர்கள், துறைமுக லாரிகளை ஓட்டியவர்கள் ஆகியோரின் கையறிவை நாம் போதுமான அளவு எழுதவில்லை. அது சான்றிதழ் இல்லாத அறிவு. என் சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அப்பா விரலால் தடவிக் கண்டுபிடித்த வெடிப்புக்கு எந்தச் சட்டமும் இல்லை.

ஷா ஆலம் இருக்கும் நிலம் முன்பு சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்டப் பகுதி. அங்கே எழுந்த தொழிற்சாலையிலிருந்துதான் 1985 ஜூலை 9இல் முதல் புரோட்டான் சாகா அறிமுகமானது. தோட்டம் போய்க் கார் வந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள் சிலர் அந்தக் காரையே மாதத் தவணையில் வாங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூசி வாங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் பக்கம் வந்தும் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடவில்லை. 2005 ஆகஸ்ட் 11இல் புகைமூட்டத்தால் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்தார்கள். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில். பள்ளி மூடியதில் எனக்குக் கொண்டாட்டம். அப்பா அந்த வாரம் லாரியில் போய்வந்தபோது, கண்ணாடியில் சாம்பல் படியப் படியத் தண்ணீர் அடித்துக்கொண்டே ஓட்டினாராம். "அன்னிக்கி ரெண்டு தடவ டேங்கி ரொப்பினேன். அது இல்லன்னா நான் இல்ல" என்று குழாயை இணைத்துக்கொண்டே சொன்னார். அதையும் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

நறுக்கிய இரண்டு முனைகளையும் ஒரு பிளாஸ்டிக் இணைப்பில் செருகினோம், அது 2 வெள்ளி. நாசில் துளைகளை அம்மாவின் தையல் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தோம். டேங்கியைக் கழுவி, கடையில் விற்கும் கண்ணாடிக் கழுவுதிரவத்தைக் கலந்து ஊற்றினோம். மொத்தச் செலவு 14 வெள்ளி. அரை நாள் என்று நினைத்த வேலை ஒன்றரை நாள் ஆனது.

கம்பியை இழுத்தேன். வலது பக்கத் தண்ணீர் சரியாகக் கண்ணாடி நடுவில் விழுந்தது. இடது பக்கத் தண்ணீர் கூரையைத் தாண்டிப் பறந்து, பின்னால் நின்றிருந்த அம்மாவின் மேல் விழுந்தது.

"ரெண்டு பேரும் சேந்து ரிப்பேர் பண்ற லட்சணமாடா இது!"

அப்பா ஊசியை என்னிடம் நீட்டினார். "துளைக்குள்ள விட்டு லேசா கீழ அழுத்து. ரொம்ப அழுத்தாத. நான் உள்ள உக்காந்து அடிக்கிறேன், நீ வெளிய நின்னு பாரு."